எட்டு டிராக்... ஒரே ரூம்... உங்க பாட்டு!

உங்க செல்போனைக் கொஞ்சம் எடுங்க பாஸ். வாய்ஸ் ரெக்கார்டரைத் திறங்க. 'புது டியூன்', 'புது டியூன் 2', 'மொட்டை மாடி', 'ஃபைனல்', 'ஃபைனல் கடைசி'ன்னு எத்தனை ஃபைல் கிடக்கு? அதுல முழுசா முடிஞ்ச பாட்டு எத்தனை?

பதில் சொல்ல வேண்டாம். கையில கிட்டாரோ கஞ்சிராவோ வெச்சிருக்கிற பல பேரோட கதை இதுதான். கல்ச்சுரல்ஸ்ல கைதட்டல் வாங்கின பாட்டு, ராத்திரி மொட்டை மாடியில பிறந்த மெட்டு, எல்லாம் பாதியிலேயே நிக்கும். கடைசி வருஷம் ஏப்ரல் வந்ததும் கீபோர்டு வாசிச்சவன் பெங்களூருக்கு வேலைக்குப் போயிடுவான். பாடினவ மேல்படிப்புக்குக் கிளம்பிடுவா. தபேலாக்காரன் சொந்த ஊருக்கே போயிடுவான். மிச்சம் இருக்கிறது அந்த 'ஃபைனல் கடைசி' மட்டும்தான். அதுலயும் பாட்டைவிட ஃபேன் சத்தம் ஜாஸ்தி!

அந்தப் பாட்டுகளை ஒழுங்கா முடிச்சு வைக்க ஒரு பெட்டி இருக்கு. பேரு 'ஸ்டாண்ட்அலோன் மல்டிடிராக் ரெக்கார்டர்'. கம்ப்யூட்டர் தேவையில்லை. சாஃப்ட்வேர் தேவையில்லை. மைக்கைச் சொருகு, சிவப்பு பட்டனை அமுக்கு, பாடு... அவ்வளவுதான். ஆனா இது வீட்டுல ஒரே ஒரு தடவைதான் கேட்க முடியற காசு. தப்பான பெட்டியை வாங்கிட்டு முழிக்கக் கூடாது இல்லையா? அதனால கடைக்குப் போறதுக்கு முன்னாடி இதை ஒரு தடவை படிச்சிடுங்க.

அப்படி என்ன பெட்டி அது?

போன்ல பதியறப்போ பாட்டு, கிட்டார், தபேலா எல்லாம் ஒரே ஒலியா கலந்து விழும். சாம்பார்ல உப்பு கூடிப்போன மாதிரி, அப்புறம் தனியா எடுக்க முடியாது. மல்டிடிராக்குல ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி வரிசை. முதல் வரிசையில கிட்டார். அதைக் கேட்டுக்கிட்டே ரெண்டாவது வரிசையில குரல். ரெண்டையும் கேட்டுக்கிட்டே மூணாவதுல தபேலா. குரல் சரியா வரலைன்னா குரலை மட்டும் மறுபடி பாடலாம். கிட்டார் அப்படியே இருக்கும். ஒரே ஆளே நாலு வாத்தியமும் வாசிக்கலாம்!

இந்த யோசனைக்கு வயசு அதிகம். அமெரிக்காவின் கிட்டார் மேதை லெஸ் பால், தன் வாசிப்பு மேலேயே தன் வாசிப்பை அடுக்கடுக்கா பதிஞ்சு 1950-களின் தொடக்கத்திலேயே எல்லாரையும் அசத்தினார். 1957-ல் ஆம்பெக்ஸ் நிறுவனத்தின் 8 டிராக் டேப் மெஷின் அவர் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. பீரோ சைஸ்! 1967-ல் வெளியான பீட்டில்ஸின் 'சார்ஜென்ட் பெப்பர்ஸ்' ஆல்பம், லண்டன் ஸ்டுடியோவில் 4 டிராக் மெஷின்களில்தான் உருவானது. இன்னிக்கு ஒரு கையடக்கப் பெட்டியில் அதைவிட இரண்டு மடங்கு டிராக் இருக்கு.

சாமானியன் வீட்டுக்குள்ள இந்த வித்தை நுழைஞ்சது 1979-ல். ஜப்பானின் டீயாக் நிறுவனம் 'போர்ட்டாஸ்டுடியோ 144' என்ற பெட்டியைக் கொண்டு வந்தது. சாதாரண ஆடியோ கேசட்டைப் போட்டா 4 டிராக் பதியலாம். மிக்ஸரும் அதுக்குள்ளேயே. கேசட் இரண்டு மடங்கு வேகத்தில் ஓடும், நாலு டிராக்கும் ஒரே திசையில் பதியும். அதனால 60 நிமிஷ கேசட்டில் 15 நிமிஷம்தான் கிடைக்கும்.

அந்தப் பெட்டியை வெச்சு ஒருத்தர் என்ன செஞ்சார் தெரியுமா? புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன். அப்பவே பெரிய ராக் ஸ்டார். 1982 ஜனவரியில், நியூஜெர்சியில் தன் வாடகை வீட்டு பெட்ரூமில் ஒரு 144, இரண்டு மைக்கோட உட்கார்ந்து புதுப் பாட்டுகளைப் பாடிப் பதிஞ்சார். தன் இசைக்குழுவுக்குச் சொல்லிக்கொடுக்க ஒரு மாதிரி வேணும்னுதான் பண்ணினார். அப்புறம் பெரிய ஸ்டுடியோவில் மொத்தக் குழுவும் வாசிச்சுப் பார்த்தாங்க. அந்த பெட்ரூம் கேசட்டில் இருந்த உயிர் அதுல வரலை. கடைசியில் அந்த கேசட்டே 'நெப்ராஸ்கா' என்ற பெயரில் 1982 செப்டம்பரில் ஆல்பமா வெளிவந்தது. இன்னிக்கும் அதைக் கொண்டாடுறாங்க. 2025-ல் அந்தக் கதையே ஒரு ஹாலிவுட் படமா வந்துடுச்சு.

நாலே நாலு டிராக்! ஆகவே 'நமக்கு 24 டிராக் இருந்தாத்தான் பாட்டு வரும்'னு யாராவது சொன்னா, சிரிச்சுட்டு நகர்ந்துடுங்க.

போனா, லேப்டாப்பா, பெட்டியா?

முதல்ல நேர்மையான கேள்வி. உங்களுக்கு இந்தப் பெட்டி தேவையா?

நல்ல லேப்டாப் ஏற்கெனவே இருக்கு, பீட், சின்த் எல்லாம் ஸ்கிரீன்லயே பண்ணுவீங்க, ஒவ்வொரு வரியையும் வெட்டி ஒட்டிச் சரிசெய்யப் பிடிக்கும்... அப்போ உங்களுக்கு ஒரு சின்ன ஆடியோ இன்டர்ஃபேஸும் ஒரு மைக்கும் போதும். செலவு குறையும். எடிட்டிங்கில் லேப்டாப்பை எந்தப் பெட்டியும் ஜெயிக்க முடியாது. 'ஆடாசிட்டி' மாதிரி இலவச சாஃப்ட்வேரே இருக்கு.

லேப்டாப்பே இல்லை, இல்லேன்னா இருக்கிறது ப்ராஜெக்ட் ஓட்டவே திணறுதா? பெட்டி பக்கம் வாங்க. ரிகர்சல் ரூம், மொட்டை மாடி, கிராமத்துத் திண்ணைன்னு தூக்கிட்டுப் போகணுமா? பெட்டிதான். ஸ்கிரீனைத் திறந்ததும் மெசேஜ், கிரிக்கெட் ஸ்கோர், வீடியோன்னு பாட்டை மறந்துடுற ஜாதியா நீங்க? கண்டிப்பா பெட்டிதான்! அதுல பாட்டைத் தவிர வேற எதுவும் வராது.

பெட்டிக்குக் குறைகளும் உண்டு. ஸ்கிரீன் சின்னது. மெனுவுக்குள்ள மெனு இருக்கும். வெட்டி ஒட்டுறது கஷ்டம். ஆனா அந்தக் கஷ்டத்துல ஒரு லாபம் இருக்கு. லேப்டாப்புல 'அப்புறம் பார்த்துக்கலாம்'னு ஒரே பாட்டுக்கு 40 டேக் சேர்ந்துடும். பெட்டியில இடம் குறைவு. 'இது ஓகே, இது வேண்டாம்'னு அங்கேயே முடிவு எடுத்தாகணும். அப்படி முடிவு எடுக்கிறவங்க பாட்டுதான் முடியுது.

கடைக்காரரைக் கேட்க வேண்டிய ஏழு கேள்விகள்

1. ஒரே நேரத்துல எத்தனை பதியலாம்?

பெரும்பாலானவங்க ஏமாறுற இடம் இதுதான். அட்டைப் பெட்டி மேல '8 டிராக்'னு கொட்டை எழுத்துல போட்டிருக்கும். அது மொத்தம் எத்தனை வரிசையைச் சேர்த்துக் கேட்கலாம் என்ற கணக்கு. ஒரே சமயத்துல எத்தனை மைக்கைப் பதியலாம் என்பது வேற கணக்கு. டாஸ்காம் டிபி-008இஎக்ஸ், ஜூம் ஆர்12 ரெண்டுமே 8 டிராக். ஆனா ஒரே நேரத்துல பதியறது 2 தான். ஜூம் ஆர்16, ஆர்20, டாஸ்காம் டிபி-24எஸ்டி இவையெல்லாம் ஒரே நேரத்துல 8 பதியும்.

நீங்க தனி ஆளா, இல்லே ரெண்டு பேரா ஒண்ணொண்ணா பதியப் போறீங்கன்னா 2 தாராளம். மொத்த பேண்டும் ஒரே நேரத்துல வாசிக்கணும், டிரம்ஸுக்கே நாலு மைக்னு பேசினீங்கன்னா 8 வேணும். காசு ஏறுறதே இந்த எண்ணிக்கையிலதான். முதல்ல இதை முடிவு பண்ணுங்க. மத்ததெல்லாம் அப்புறம்.

2. உள்ளே எதைச் சொருகலாம்?

மைக்குக்கு மூணு முள் இருக்கிற எக்ஸ்.எல்.ஆர். சாக்கெட் வேணும். கன்டென்சர் மைக் வாங்கற ஐடியா இருந்தா '48 வோல்ட் ஃபான்டம் பவர்' இருக்கான்னு பாருங்க. பேய் எல்லாம் இல்லை, பயப்படாதீங்க! அந்த வகை மைக்குக்கு உயிர் கொடுக்கிற மின்சாரம் அது. மேடையில பார்க்கிற சாதாரண டைனமிக் மைக்குக்கு அது தேவையில்லை. எலெக்ட்ரிக் கிட்டாரை நேரா சொருகணும்னா 'ஹை-இசட்' இல்லேன்னா 'கிட்டார்'னு எழுதின இன்புட் இருக்கணும். இல்லேன்னா சத்தம் மங்கி, ஈரத் துணியைப் போர்த்தின மாதிரி வரும்.

3. பாட்டு எப்படி வெளியே வரும்?

எஸ்.டி. கார்டில் பதியுதா? ஒவ்வொரு டிராக்கையும் தனித்தனி 'வேவ்' ஃபைலா எடுக்க முடியுமா? இது ரொம்ப முக்கியம். நாளைக்கு ஒரு நண்பன் லேப்டாப்புல மிக்ஸ் பண்ணித் தர்றேன்னா, தனித்தனி டிராக் இருந்தாத்தான் முடியும். சில பழைய மாடல்கள் தங்களுக்கே புரியற ஒரு ஃபார்மேட்டில் சேமிக்கும். எக்ஸ்போர்ட் பண்ற வழியைக் கடையிலேயே செஞ்சு காட்டச் சொல்லுங்க.

4. எத்தனை பிட்?

16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் என்பது சி.டி. தரம். வீட்டு ரெக்கார்டிங்குக்கு அது போதும். 24 பிட் இருந்தா, சத்தத்தைக் கொஞ்சம் தாழ்வாவே வெச்சுப் பதிய தைரியம் வரும். ஜூம் ஆர்4 மாதிரி சில மாடல்களில் '32 பிட் ஃப்ளோட்' இருக்கு. திடீர்னு கத்தினாலும் பெட்டிக்குள்ள ஒலி உடையாது. ஆனா குக்கர் விசிலையும் எதிரொலியையும் எந்த பிட்டும் போக்காது!

இடக் கணக்கு வேணுமா? 16 பிட்டில் ஒரு டிராக் ஒரு நிமிஷத்துக்கு சுமார் 5.3 எம்.பி. நாலு நிமிஷப் பாட்டு, எட்டு டிராக்னா ஏறக்குறைய 170 எம்.பி. ஒரு 32 ஜி.பி. கார்டு ரொம்ப நாளைக்குத் தாங்கும்.

5. 'பஞ்ச்-இன்' எப்படி?

மூணு நிமிஷம் அருமையா பாடிட்டு, சரணத்துல ஒரே ஒரு வார்த்தை சறுக்கிடுச்சு. அந்த இடத்தை மட்டும் மறுபடி பதியறதுதான் பஞ்ச்-இன். எங்கே ஆரம்பிக்கணும், எங்கே முடியணும்னு முன்கூட்டியே குறிச்சு வைக்கற வசதி இருந்தா ரெண்டு கையும் வாத்தியத்துலயே இருக்கலாம். காலால் அமுக்கற ஃபுட் ஸ்விட்ச் சொருக இடம் இருந்தா இன்னும் சௌகரியம்.

6. கரன்ட் போனா?

பேட்டரியில் ஓடுமா, பவர் பேங்கில் ஓடுமா, இல்லே சுவத்துல சொருகினாத்தானா? பெரிய மாடல்கள் சிலதுல பேட்டரிக்கு வழியே இருக்காது. பதிஞ்சுட்டு இருக்கும்போது கரன்ட் போனா அந்த டேக் மட்டுமில்லை, சில சமயம் மொத்தப் பாட்டின் ஃபைலும் கெட்டுப்போகலாம்.

7. பழைய பெட்டியா?

செகண்ட் ஹேண்ட் நல்ல யோசனைதான். உங்க மைக், ஹெட்போன், கார்டு மூணையும் கையோட கொண்டு போங்க. எல்லா இன்புட்டிலும் மைக்கைச் சொருகிப் பதிஞ்சு, திருப்பிக் கேளுங்க. ஒவ்வொரு ஃபேடரையும் மேலும் கீழும் தள்ளுங்க, கரகரன்னு சத்தம் வரக் கூடாது. கார்டைக் கழட்டி மாட்டுங்க. அடாப்டர் ஒரிஜினலா பாருங்க. வோல்ட்டும், ப்ளஸ்-மைனஸ் திசையும் மாறின அடாப்டர் பெட்டியையே காலி பண்ணிடும்.

பாதிக் காசை ஒதுக்கி வையுங்க!

கையில இருக்கிற மொத்தத்தையும் பெட்டிக்கே கொட்டிட்டா, மைக்குக்குக் காசு இருக்காது. அப்புறம் பெட்டி அழகா அலமாரியில தூங்கும். குறைஞ்சது இவ்வளவாவது வேணும்.

ஒரு நல்ல டைனமிக் மைக். ரூம் சத்தமான ரூமா இருந்தா கன்டென்சரைவிட இதுதான் புத்திசாலித்தனம். கன்டென்சர் ரொம்ப உன்னிப்பா கேட்கும். பக்கத்து ரூம் சண்டை, எதிர்த்தெரு ஹாரன் எல்லாத்தையும் சேர்த்துப் பிடிக்கும். ஒரு மைக் ஸ்டாண்ட், ஏன்னா கையில பிடிச்சா உரசல் சத்தம் விழும். காதை முழுசா மூடற ஹெட்போன். திறந்த வகை ஹெட்போன்ல கேட்கிற தாளம் கசிஞ்சு மைக்குக்குள்ளேயே போயிடும். ஒரு நல்ல கேபிள். ஒரு உபரி மெமரி கார்டு.

நாலு நண்பர்கள் சேர்ந்து வாங்கினா சுலபம். ஆனா காலேஜ் முடிஞ்சதும் பெட்டி யார்கிட்ட இருக்கும்னு வாங்கற அன்னிக்கே பேசிடுங்க. நட்பைக் காப்பாத்த இதைவிட மலிவான வழி இல்லை!

ரெடி, டேக் 1!

பெட்டி வந்தாச்சு. முதல் ஞாயிற்றுக்கிழமையை இப்படிச் செலவு பண்ணுங்க.

முதல்ல ரூம். ஃபேனை நிறுத்துங்க. ஜன்னலை மூடுங்க. வெறும் சுவரும் டைல்ஸும் ஒலியைப் பந்து மாதிரி திருப்பி அடிக்கும். அதனாலதான் பாத்ரூம் பாட்டு அப்படி 'கணீர்'னு இருக்கு. துணி நிறைஞ்ச அலமாரியைத் திறந்து வெச்சுட்டு, அதைப் பார்க்கிற மாதிரி மைக்கை வையுங்க. உங்க முதுகுக்குப் பின்னாடி கொடியில ரெண்டு கனமான போர்வையைத் தொங்க விடுங்க. ஒரு கட்டில் மெத்தையை நிமிர்த்தி வெச்சாலும் சரி. செலவே இல்லாம பாதி ஸ்டுடியோ ரெடி.

அடுத்து கார்டு. அதைப் பெட்டிக்குள்ளேயே போட்டு ஃபார்மேட் பண்ணுங்க. புதுப் பாட்டுக்குப் புதுப் பேர் வையுங்க. தயவுசெஞ்சு 'ஃபைனல்'னு வைக்காதீங்க!

சுருதி. எல்லா வாத்தியமும் ஒரே சுருதிக்கு வந்தாச்சான்னு பாருங்க. இது கடைசியில சரிசெய்யற விஷயமே இல்லை. கர்னாடக சங்கீதம் பாடறவங்க, தம்புரா ஆப்பை ஒரு தனி டிராக்கில் பதிஞ்சு வெச்சுக்கலாம். ஹெட்போன்ல அதைக் கேட்டுக்கிட்டே பாடலாம், முடிவுல வேண்டாம்னா மூடிடலாம்.

கிளிக். அதாவது பெட்டிக்குள்ள இருக்கிற மெட்ரோனோம். பாட்டோட வேகத்தை அதுல வெச்சு, எல்லாரும் அதைக் கேட்டு வாசிக்கணும். இல்லேன்னா மூணாவதா வர்ற தபேலாக்காரர், ஓடுற பஸ்ஸைத் துரத்தற கதையாயிடும். வேகம் ஏறி இறங்கற விருத்தம் மாதிரி பாட்டுன்னா கிளிக்கை விட்டுடுங்க. அப்போ பாட்டும் தாளமும் ஒண்ணா உட்கார்ந்து பதியறதுதான் நல்லது.

லெவல். இன்புட் பக்கத்துல இருக்கிற 'கெயின்' குமிழ்தான் உள்ளே போற சத்தத்தைத் தீர்மானிக்கும். கீழே இருக்கிற ஃபேடர் பெரும்பாலும் நீங்க கேட்கிற அளவை மட்டும்தான் மாத்தும். புதுசா வர்றவங்க ஃபேடரை இறக்கிட்டு 'ஏன் இன்னும் உடையுது?'ன்னு மண்டையைப் பிச்சுக்கறது இதனாலதான். பாட்டின் ரொம்ப சத்தமான வரியைப் பாடிப் பாருங்க. மீட்டர் மைனஸ் 12 டெசிபல் பக்கம் வந்து நின்னா போதும். பூஜ்யத்தைத் தொட்டா ஒலி உடையும், உடைஞ்சதை ஒட்ட முடியாது. ரெக்கார்டிங்னு சொன்னதும் எல்லாரும் ரிகர்சலைவிடக் கூடுதலா கத்துவாங்க. அதுக்கும் இடம் விட்டு வையுங்க.

மைக்கை எங்கே வைக்கறது? பாடறவங்க வாயிலிருந்து ஒரு சாண் தூரம், கொஞ்சம் பக்கவாட்டுல. நேரா வெச்சா 'ப', 'ப்ப' வரும்போதெல்லாம் காத்து மோதும். ரொம்ப ஒட்டினா குரல் கனமாகி கும்முன்னு ஆயிடும். அக்கூஸ்டிக் கிட்டாருக்கு நடு ஓட்டைக்கு நேரா வைக்காதீங்க. கழுத்தும் உடம்பும் சேர்ற இடத்தைப் பார்த்து ஓர் அடி தள்ளி வையுங்க. மிருதங்கத்துக்கு ரெண்டு மைக் இருந்தா வலந்தலைக்கு ஒண்ணு, தொப்பிக்கு ஒண்ணு. ஒண்ணுதான்னா ரெண்டு அடி தள்ளி நடுவுல. பறை அடிக்கிற நண்பர் இருந்தா கெயினை நல்லா இறக்கி, மைக்கை இன்னும் தள்ளி வையுங்க.

இப்போ வரிசை. முதல் டிராக்கில் ஒரு 'வழிகாட்டி'. கிளிக்கைக் கேட்டுக்கிட்டே கிட்டாரும் குரலுமா சும்மா பாடிப் பதிஞ்சு வெச்சுடுங்க. இது பாட்டுல வரப் போறதில்லை. மத்தவங்க எங்கே பல்லவி, எங்கே இடையிசைன்னு தெரிஞ்சு வாசிக்கத்தான். அடுத்து தாளம். அப்புறம் பேஸ், கிட்டார், கீபோர்டு. கடைசியா நிஜமான குரல். அது வந்ததும் வழிகாட்டியை அழிச்சுடலாம். ஒரு டிராக் மிச்சம்!

ஒவ்வொரு டேக் முடிஞ்சதும் ரெண்டு விநாடி அசையாம இருங்க. கடைசி தந்தி அதிர்வு அடங்கட்டும். 'சூப்பர் மச்சி'ன்னு உடனே கத்தினா அதுவும் பாட்டுல வந்துடும். ஸ்டாப் அமுக்கினதும் உடனே ஒயரைப் பிடுங்காதீங்க. பெட்டி எழுதி முடிக்கட்டும். முறைப்படி ஆஃப் பண்ணுங்க.

இடம் தீர்ந்துபோச்சா? பவுன்ஸ்!

எட்டும் நிறைஞ்சுபோச்சு, இன்னும் கோரஸ் பாக்கி. என்ன செய்யறது? பீட்டில்ஸ் செஞ்சதைச் செய்ங்க. தபேலா, பேஸ், கிட்டார் மூணு டிராக்கின் அளவையும் சரிபண்ணி, ரெண்டு டிராக்குக்குள்ள ஒண்ணா கலந்து பதிஞ்சுடுங்க. இதுக்குப் பேர்தான் பவுன்ஸ். பழைய மூணு டிராக்கும் காலி. கேசட் காலத்துல ஒவ்வொரு பவுன்ஸுக்கும் டேப் இரைச்சல் கூடிக்கிட்டே போகும். டிஜிட்டல்ல அந்தத் தொல்லை இல்லை. ஆனா கலந்த பிறகு 'தபேலா கொஞ்சம் ஜாஸ்தி'ன்னு சொன்னா குறைக்க முடியாது. அதனால பவுன்ஸுக்கு முன்னாடி பாட்டை ஒரு காப்பி எடுத்து வையுங்க.

மிக்ஸிங்குக்கு மூணே மூணு விதி போதும். ஒண்ணு, குரலைச் சுத்தி மத்ததை அடுக்குங்க. பாட்டு வரி புரியணும். ரெண்டு, 'பேன்' குமிழைப் பயன்படுத்துங்க. தலையில இருக்கிறது இல்லைங்க! சத்தத்தை இடது, வலது பக்கம் நகர்த்தறது. கிட்டார் கொஞ்சம் இடது, கீபோர்டு கொஞ்சம் வலது, குரலும் பேஸும் நடுவுல. மூணு, எதிரொலி எஃபெக்ட்டை உங்களுக்குப் பிடிச்ச அளவுக்கு வெச்சுட்டு, அப்புறம் அதுல பாதியா குறைங்க.

அன்னிக்கே முடிச்சு வெளியே அனுப்பாதீங்க. எட்டு மணி நேரம் கேட்ட காது எதையும் சரியா சொல்லாது. மறுநாள் காலையில, போன் ஸ்பீக்கர்ல, ஹெட்போன்ல, ஷேர் ஆட்டோக்காரர் செட்டுல... மூணுலயும் கேளுங்க. மூணுலயும் குரல் கேட்டா பாட்டு பாஸ்!

பேர் எழுதி வையுங்க

கடைசியா ரெண்டு வேலை. யாருமே செய்யறதில்லை. வரி எழுதினது யார், மெட்டு போட்டது யார், எந்த வாத்தியம் யார், என்ன தேதி... ஒரு தாள்ல எழுதி எல்லாரும் கையெழுத்து போடுங்க. பின்னாடி பாட்டு ஓடினா சண்டை வராது. ஓடலைன்னாலும் அந்தத் தாள் ஒரு பொக்கிஷம். அப்புறம், எல்லா டிராக்கையும் தனித்தனி வேவ் ஃபைலா எடுத்து ரெண்டு இடத்துல சேமிங்க. கார்டு தொலையும். ஹார்ட் டிஸ்க் கெட்டுப்போகும். ரெண்டும் ஒரே நாள்ல போறது அபூர்வம்.

பெட்டியை பேண்டுக்கு மட்டும்னு நினைக்காதீங்க. பொங்கல் லீவுக்கு ஊருக்குப் போறப்போ பையில போட்டுக்கிட்டுப் போங்க. பாட்டிக்குத் தெரிஞ்ச தாலாட்டு, நடவுப் பாட்டு, ஒப்பாரி... எதையும் யாரும் எழுதி வெச்சிருக்க மாட்டாங்க. திண்ணையில உட்கார வெச்சு, மைக்கை ஒரு முழம் தள்ளி வெச்சு, பாடச் சொல்லுங்க. கிளிக் வேண்டாம், ரெண்டாவது டேக் வேண்டாம். நடுவுல கோழி கூவினா கூவட்டும். ஒரே ஒரு டிராக் போதும். மீதி ஏழும் காலியாவே இருக்கட்டும்.

உங்க பேண்டுக்கும் ஏப்ரல் வரைக்கும்தான் டைம். இப்பவே காலண்டரை எடுங்க. எல்லாருக்கும் ஒத்துவர்ற நாலு ஞாயிற்றுக்கிழமையை வட்டம் போடுங்க. முதல் வாரம் வழிகாட்டியும் தாளமும். ரெண்டாவது வாரம் வாத்தியங்கள். மூணாவது வாரம் குரல். நாலாவது வாரம் மிக்ஸிங். எட்டு டிராக், நாலு வாரம், ஒரு பாட்டு. பெட்டி வாங்கக் காசு சேரலையா? யார்கிட்ட இருக்குன்னு விசாரிச்சு, ஒரு மாசத்துக்குக் கடன் வாங்குங்க.

அப்புறம் என்ன? ஃபேனை ஆஃப் பண்ணுங்க. சிவப்பு பட்டனை அமுக்குங்க!